நீலக்கைக்காரியும் நானும் என் மருமகளும்

எனக்கு வேலை கண்ணில் சொட்டு விடுவது. என் கண்ணில் இல்லை, ஊரார் கண்ணில். யாராவது கேட்டால் கண் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். கேட்டவர் என்னை நர்ஸ் என்றோ அதற்கும் மேலே என்றோ நினைத்துக்கொண்டால் அது அவர் பாடு. உண்மையில், டாக்டர் அறைக்கு வெளியே நாற்காலி வரிசைக்கு முன்னால் நின்று, "மேலே பாருங்க, இறுக்காதீங்க, எரியும், எரிஞ்சா நல்லதுதான்" என்று சொல்லியபடி ஒவ்வொரு தலையாகச் சாய்த்துச் சொட்டு விட்டுக்கொண்டே போகிறவள் நான். அங்கே எனக்குச் சொட்டக்கா என்று பெயர். டாக்டரம்மாகூட அப்படித்தான் கூப்பிடுவார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

சொட்டு விட்டதும் கண் பாப்பா விரிந்துவிடும். பிறகு சில மணி நேரத்துக்குக் கிட்டத்தில் இருப்பது எதுவும் தெரியாது. பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தாலும் கண்டுபிடிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் என் பேச்சைக் கேட்பதைத் தவிர அவர்களுக்கு வேறு கதி கிடையாது. இருபது வருடமாக இப்படி எழுந்து ஓட முடியாதவர்களிடமே பேசிப் பழகியதால், நான் சுவாரசியமாகப் பேசுகிறவள் என்று எனக்கு ஒரு நினைப்பு. வீட்டில் அந்த நினைப்புக்கு ஆதரவு இல்லை. என் கணவர் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவர். நான் வாயைத் திறந்தால் ஏதாவது ஒரு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தலையை நுழைத்துக்கொள்வார். மகனுக்கு எப்போதும் எங்கேயாவது கிளம்புகிற அவசரம். மிச்சம் இருப்பது மருமகள்.

அவள் ஒரு கூரியர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "என் பார்சல் எங்கே" என்று கத்துகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லும் வேலை. நாள் முழுவதும் திட்டு வாங்கியும் குரலை ஒரு படி உயர்த்த மாட்டாள். இந்தப் பிள்ளை தன் கோபத்தையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று எனக்கு விளங்காமலே இருந்தது. பிறகு அவள் படிக்கும் புத்தகத்தைப் பார்த்தேன்.

கறுப்பு அட்டை. நீளமான கோட்டு போட்ட ஒருத்தி, இடது உள்ளங்கையில் நீல நெருப்பு, பின்னால் தெருவிளக்கெல்லாம் அணைந்துபோன ஒரு பெரிய நகரம்.

"என்னம்மா இது, பேய்க் கதையா?"

"பேய்க் கதை இல்ல அத்தை. நம்மள மாதிரி ஊருதான். பஸ்ஸு, சிக்னல், வாடகை வீடு எல்லாம் இருக்கும். அதுக்குள்ளயே மந்திரமும் இருக்கும்."

"மந்திரம் தெரிஞ்சவ எதுக்கும்மா வாடகை வீட்டுல இருக்கா?"

மருமகளுக்கு அதற்குள் ஒரு பார்சல்காரர் ஃபோன் வந்துவிட்டது. பதிலைத் தெரிந்துகொள்ளத்தான் புத்தகத்தை எடுத்தேன். ஒரு பக்கம் படித்துவிட்டு நாலு வார்த்தை நக்கல் செய்யலாம் என்று எடுத்தவள், அப்படியே தொபுக்கென்று உள்ளே விழுந்துவிட்டேன். அந்த அட்டைப் படத்துக்காரிக்குப் பகலில், தப்பான இடத்தில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு அபராதச் சீட்டு ஒட்டும் வேலை. பொழுது சாய்ந்தால், மனிதர்களின் நிழலை அறுத்துக்கொண்டு போகும் ஒரு கூட்டத்தோடு சண்டை. நிழல் போனவர்கள் ஒரு வாரத்தில் கண்ணாடித் தாள் போல மங்கி இல்லாமல் போய்விடுவார்கள். அவள் இடது கையில் மந்திரம் இருக்கிறது. ஆனால் சும்மா கிடைப்பதில்லை. ஒவ்வொரு தடவை நெருப்பை எடுக்கும்போதும் அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து மரத்துக்கொண்டே வரும். நான் அவளுக்கு நீலக்கைக்காரி என்று பெயர் வைத்துக்கொண்டேன். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு இப்படி ஒரு சிநேகிதி.

மருமகள் பாதி படித்து வைத்திருந்த அந்த முதல் பாகத்தை அவளுக்கு முன்னால் நானே முடித்துவிட்டேன். அவள் அடையாளத்துக்குச் சொருகியிருந்த சீட்டை எங்கேயோ தொலைத்தும்விட்டேன். அன்று சாப்பிடும்போது எனக்கு மனசு தாங்கவில்லை. "கடைசியில தம்பிக்காரனோட நிழலை அவளே அறுக்க வேண்டி வருது பாரு, எனக்கு நெஞ்சே வெடிச்சுப்போச்சு" என்றேன். மருமகள் கையிலிருந்த ஸ்பூனை மெதுவாக வைத்துவிட்டு எழுந்து போனாள். உப்பு கூடிவிட்டது என்றுதான் நினைத்தேன். மறுநாள் குறைத்துப் போட்டேன்.

இரண்டு வருடம் கழித்து இரண்டாம் பாகம் வந்தது. பார்சலில் என் மகன் பெயர் இருந்தது. பெற்றவளுக்கு இல்லாத உரிமையா என்று பிரித்து, வாசலில் நின்றபடியே படிக்க ஆரம்பித்துவிட்டேன். மருமகள் வந்து நின்றாள். புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்களே முதல்ல படிங்க அத்தை" என்றாள். பார்சல் தொலைத்தவர்களிடம் பேசுகிற அதே பொறுமை அந்தக் குரலில் இருந்தது. எந்நேரமும் ஃபோனும் கையுமாக இருக்கிறாளே, அதிலேயே படித்து முடித்திருப்பாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். இந்தக் கதையைப் பற்றி அவளோடு உட்கார்ந்து பேச வேண்டும். வேறு யாரிடம் பேசுவது? ஆஸ்பத்திரியில் கண் எரிச்சலோடு இருப்பவர்களிடம் நிழல் அறுப்பதைப் பற்றிப் பேசினால் எழுந்து போய் வேறு டாக்டரைப் பார்ப்பார்கள். அதனால் வேலை முடிந்து வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு நேரே மருமகள் அறைக்குப் போவேன். "ஏம்மா, இந்தப் பாகத்துல புதுசா ஒரு பூட்டுக்காரர் வர்றாரே" என்று ஆரம்பிப்பேன். அவள் உடனே ஹெட்செட்டை எடுத்துக் காதில் மாட்டிக்கொள்வாள். வேலை நேரம் என்றால் பரவாயில்லை. ஒருநாள் குனிந்து பார்த்தேன். ஹெட்செட் வயர் எதிலும் செருகாமல் மேசைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. மாமியார் பேச்சைக் கேட்காமல் இருக்க இப்படியும் ஒரு வழி. எனக்கு அன்று உண்மையிலேயே வலித்தது. கணவரிடம் சொன்னேன். "நல்ல யோசனையா இருக்கே" என்றார்.

சரி, போகட்டும் என்று நான் பாட்டுக்குப் படித்தேன். இரண்டாம் பாகம் முதல் பாகத்தைவிடக் கொடூரம். ஊரில் பாதிப் பேருக்கு நிழல் இல்லை. பூட்டுக்காரர் என்று ஒரு புது ஆள், எந்தச் சுவரிலும் சாவி போட்டு ஒரு கதவைத் திறப்பார். ஒற்றைக் காதுப் பூனை ஒன்று, பேசாது, ஆனால் எல்லாம் தெரியும். நீலக்கைக்காரிக்குக் கை மணிக்கட்டு வரைக்கும் கறுத்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் கையுறையை மாட்டிக்கொண்டு திரிகிறாள்.

மந்திரம் வரும் இடங்களைப் பேருந்தில் படிக்க மாட்டேன். முகம் என் பேச்சைக் கேட்காது. ஒருநாள் பக்கத்திலிருந்தவர், "உங்களுக்கு நெஞ்சு வலியா?" என்று கேட்டுவிட்டார். அதனால் சாதாரண அத்தியாயங்களைப் பேருந்தில் படிப்பேன். சண்டையும் மந்திரமும் வந்தால் மூடி வைத்து, மதியம் ஆஸ்பத்திரியில் பரிசோதனை அறையின் நீளக் கட்டிலில் வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டு படிப்பேன். வீட்டில் என்றால் கூடத்து சோபா, அதே வலப்பக்கம்.

அப்போதுதான் அந்த அதிசயத்தைக் கவனித்தேன். நீலக்கைக்காரி கையை நீட்டியதும் பக்கத்தில் இருந்த வரிகள் மெல்ல உள்வாங்கி வளைந்தன. நடுவில் நாலைந்து எழுத்துகள் பள்ளத்தில் இறங்கிய மாதிரி சரிந்து, அதைத் தாண்டியதும் மறுபடி நேரே எழுந்துகொண்டன. எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. அச்சில் என்ன வித்தை பண்ணியிருக்கிறான்கள் என்று வியந்துபோனேன். சில சமயம் மந்திரம் வருவதற்கு முன்னாலேயே வரிகள் வளைந்தன. ஆகா, மந்திரம் வரப்போகிறது என்று முன்கூட்டியே ஜாடை காட்டுகிறான் என்று அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்துப் பாராட்டினேன்.

இங்கே என் வேலையைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். சொட்டு விடுவதோடு, ஒரு கட்டம் போட்ட அட்டையைக் காட்டுவதும் என் பொறுப்பு. அதில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. "ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் புள்ளியைப் பாருங்க. கோடெல்லாம் நேரா இருக்கா, எங்கேயாவது வளையுதா?" இதுதான் கேள்வி. வளைகிறது என்றால் விழித்திரையின் நடுவில், அடியில் நீர் கசிகிறது என்று அர்த்தம். அந்த நடு இருந்தால்தான் எழுத்துப் படிக்க முடியும், எதிரே நிற்பவர் முகம் தெரியும். தள்ளிப் போட்டால் போய்விடும். போனது திரும்பாது.

ஒருநாள் ஒரு பெரியவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "நடுவுல லேசா வளையுதும்மா" என்றார். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வளையுதுன்னு தெரிஞ்சும் இத்தனை நாள் சும்மா இருந்தீங்களா? கண்ணுல விளையாடக் கூடாது, தெரியுமா?" என்று ஒரு பாட்டம் திட்டி, வரிசையில் முதல் ஆளாக உள்ளே அனுப்பினேன். பிறகு கை கழுவிவிட்டு மதிய ஓய்வுக்குப் போய் வலப்பக்கம் சாய்ந்து படுத்து, வளைந்த வரிகளை ரசித்துப் படித்தேன்.

இதைவிட முட்டாள்தனம் எங்காவது உண்டா என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுவிடுகிறேன்.

அந்த வார விடுமுறையில் மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஹெட்செட் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. விடுவேனா?

"அச்சுல ஒரு வித்தை பண்ணியிருக்கானே, கவனிச்சியா?"

"கதை வேணாம் அத்தை."

"கதையைச் சொல்லலைம்மா, அச்சைச் சொல்றேன். அவ மந்திரம் போடுறப்போ வரியெல்லாம் வளையுது பாரு."

மருமகள் துணியைக் கீழே வைத்தாள். "வளையுதா? எங்கே, காட்டுங்க."

சோபாவில் உட்கார்ந்து பக்கத்தைப் பிரித்தேன். எல்லா வரியும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல நேராக நின்றன. எனக்கு மானம் போய்விட்டது.

"இப்படி உக்காந்து பார்த்தாத் தெரியாது. படுத்துப் பார்க்கணும்."

"படுத்தா?"

"சாய்ஞ்ச வாக்குல. இப்படி. ம், இப்போ வளையுது பாரு. நீயும் வந்து படு."

என்ன நினைத்தாளோ, வந்து படுத்தாள். குறுகலான சோபா. ஒரே பக்கமாகச் சாய்ந்து இரண்டு பேரும் ஒரு புத்தகத்தை முறைத்துக்கொண்டிருந்தோம். உள்ளே வந்த என் கணவர் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, வந்த வழியே ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்விட்டார். மருமகள் உள்ளங்கையை விரித்துப் பக்கத்தை முழுவதும் மறைத்து, ஒரே ஒரு வரியை மட்டும் வெளியே விட்டாள்.

"எதுக்கும்மா மறைக்கிறே?"

"ஒரு வரி போதும் அத்தை." உற்றுப் பார்த்தாள். "நேராத்தானே இருக்கு."

"நல்லாப் பாரு. நடுவுல பள்ளம் விழுந்த மாதிரி இருக்கே."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். என்னையும் கையைப் பிடித்து எழுப்பி உட்கார வைத்தாள்.

"அத்தை, வலது கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க."

நான் ஆயிரம் பேரிடம் சொன்ன வாக்கியம் அது. தினமும் சாப்பிடும்போது ஆஸ்பத்திரிப் பெருமை அளப்பேனே, அதிலிருந்துதான் இவள் கற்றிருக்கிறாள். மூடினேன். வரி பள்ளத்தில் இறங்கியது. தலையைத் தூக்கினேன். கதவு நிலை வளைந்தது. ஜன்னல் கம்பி வளைந்தது. ஜன்னலை யாரும் அச்சடிக்கவில்லை.

வலப்பக்கம் சாய்ந்து படுக்கும்போதெல்லாம் வலது கண் தலையணையில் புதைந்துவிடும். இடது கண் மட்டும்தான் படித்திருக்கிறது. உட்கார்ந்தால் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்ப்பதால், நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடுகிறது. கல்யாண வீட்டில் ஓட்டை நாற்காலியைச் சுவரோரம் தள்ளி வைக்கிற மாதிரி. எல்லாம் எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. விளங்கியதும் நான் என்ன செய்தேன்?

"தலையணை அழுத்தியிருக்கும்" என்றேன்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க அத்தை."

"சொல்றேன், சொல்றேன். புத்தகம் முடியட்டும். இன்னும் கொஞ்சம்தான் இருக்கு."

பயம். வேறொன்றும் இல்லை. இதற்கு வைத்தியம் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவது. அந்த அறை வாசலில் எத்தனை பேருடைய கையைத் தட்டிக்கொடுத்து, "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்று சொல்லி உள்ளே தள்ளியிருக்கிறேன்! ஊசியின் நீளம் தெரிந்தவள் நான். எந்த இடத்தில் குத்துவார்கள் என்று தெரிந்தவள். தெரியாதவர்களுக்குத் தைரியம் சொல்வது சுலபம்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து மருந்து அறைக்குள் அட்டையை எடுத்துப் போனேன். வலது கண்ணை மூடினேன். புள்ளியைச் சுற்றியிருந்த கட்டங்கள் சாக்கடை மூடி போல உள்ளே அமுங்கியிருந்தன. அட்டையைக் கொண்டுபோய் இழுப்பறையில் வைத்துவிட்டு, வெளியே வந்து, அடுத்தவர் கண்ணில் சொட்டு விட்டேன்.

சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஆத்திரம் பொங்கியது. "அடி கூறு கெட்டவளே!" என்று கத்திவிட்டேன்.

மருமகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரைத் திட்டுறீங்க?"

"இவளைத்தான். கை கறுத்துப் போச்சு. கூட இருக்கிறவங்க யார்கிட்டயும் சொல்லாம உறையை மாட்டிக்கிட்டு அலையுறா. சொன்னா உதவி பண்ண மாட்டாங்களா? அறிவு வேணாம்?"

மருமகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சரியாச் சொன்னீங்க அத்தை" என்றாள். பிறகு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னிக்கு ஒரே கூட்டம்."

"அப்போ ஒண்ணு பண்ணலாம். நீங்க சொல்ற வரைக்கும் தினம் ஒரு விஷயம் நான் சொல்றேன். கதையோட முடிவுலேருந்து."

"நீ அப்படிப்பட்டவ இல்ல" என்று சிரித்தேன்.

"பூட்டுக்காரர்தான் துரோகி" என்றாள்.

சாப்பிட உட்கார்ந்த இலையை யாரோ இழுத்துக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு. இருநூறு பக்கமாக நான் நம்பி வந்த மனிதர்! மறுநாள் பேருந்தில் அவர் சாவி எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் "இரு, இரு, உன் வண்டவாளம் எனக்குத் தெரியும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

அன்று சாயங்காலமும் வந்து உட்கார்ந்தாள். "சொன்னீங்களா?"

"டாக்டரம்மா லீவு."

"நான் ஃபோன் பண்ணிக் கேட்டேன் அத்தை. இருந்தாங்க." குரல் உயரவில்லை. "பூனை செத்துடும்."

எனக்கு வந்த கோபத்தில், "நீயெல்லாம் ஒரு மனுஷியா? உனக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. பார்சல்காரர்கள் அவ்வளவு திட்டியும் அழாத பெண். "திட்டுங்க. நாளைக்கும் நீங்க சொல்லலைன்னா அடுத்தது நீலக்கைக்காரி. அதையும் சொல்லிடுவேன். எனக்கு உங்க கண்ணு வேணும் அத்தை" என்றாள்.

மறுநாள் காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன்னால் நான் டாக்டரம்மாவின் அறையில் நின்றேன்.

"எத்தனை நாளா வளையுது அக்கா?"

"புத்தகம் வந்ததுலேருந்து டாக்டரம்மா."

"அட்டை காட்டுறதே நீங்கதானே. தெரியலையா?"

"அச்சு வித்தைன்னு நினைச்சுட்டேன்."

டாக்டரம்மா சிரிக்கக் கூடாது என்று பார்த்தார். முடியவில்லை. பிறகு உள்ளே படம் எடுத்துப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இன்றைக்கே ஊசி, அதற்குப் பிறகு மாதம் ஒன்று என்றார். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நடுப் பார்வை போயிருக்கும் அக்கா. தப்பிச்சீங்க."

வீட்டுக்கு ஃபோன் செய்தேன். மருமகள் உடனே கிளம்பி வருகிறேன் என்றாள். "என் ஆஸ்பத்திரிக்கு எனக்கு எதுக்கும்மா துணை?" என்று பெரிய மனுஷித்தனமாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

நான் விடும் சொட்டை எனக்கு இன்னொருத்தி விட்டாள். எரிந்தால் நல்லது என்று இருபது வருடமாகச் சொல்லியிருக்கிறேனே, நல்லதெல்லாம் ஒன்றும் இல்லை, எரிந்தால் எரிச்சல்தான். ஊசி அறைக்குள் படுக்க வைத்து, இமையை அசையாமல் பிடிக்கும் கம்பியை மாட்டினார்கள். குத்தியது எறும்பும் இல்லை. எறும்பு கடிப்பதற்காக யாரும் கட்டில் விளிம்பை அப்படிப் பிடிப்பதில்லை. என்னை அறியாமல் நீலக்கைக்காரி நெருப்பை எடுக்கும்போது சொல்லும் மந்திரத்தை முணுமுணுத்திருக்கிறேன்.

"என்னக்கா சொல்றீங்க?" என்றார் டாக்டரம்மா.

"சாமி பேரு டாக்டரம்மா."

முடிந்ததும் கண்ணில் பஞ்சை ஒட்டி, என் நாற்காலி வரிசையிலேயே என்னை உட்கார வைத்தார்கள். பக்கத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் மகளோ கணவரோ யாரோ ஒருவர் துணைக்கு இருந்தார்கள். அவர்களை எல்லாம் "கூட்டம் போடாதீங்க, வெளியே நில்லுங்க" என்று விரட்டுவது என் வழக்கம். அன்று எனக்கு அழுகை வந்தது. ஒரு கண்ணால் அழுவது கஷ்டம்.

வீட்டில் என் கணவர் ஒன்றும் கேட்கவில்லை. இருந்த மங்கல் பல்புகளையெல்லாம் கழற்றிவிட்டு வெளிச்சமானவற்றை மாட்டினார். கழிப்பறையில்கூட.

இரண்டு நாள் கழித்துப் புத்தகத்தைக் கேட்டேன். மருமகள் எடுத்துக் கொடுத்தாள். ஒழுங்காக உட்கார்ந்து, வெளிச்சத்தில், கடைசி நூறு பக்கத்தை நல்ல கண்ணை நம்பிப் படித்தேன். பூட்டுக்காரர் எப்போது குத்துவார் என்று காத்திருந்தேன். அவர் குத்தவில்லை. பூனை எப்போது சாகும் என்று கைக்குட்டையோடு காத்திருந்தேன். அது சாகவில்லை. நீலக்கைக்காரி எல்லார் முன்னாலும் கையுறையைக் கழற்றி, தோள் வரை கறுத்துப்போன கையைக் காட்டி, தன்னால் தனியாக முடியாது என்று சொன்னாள். அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதப் போவதில்லை. நான் விக்கி விக்கி அழுதுகொண்டே புத்தகமும் கையுமாகச் சமையலறைக்கு ஓடினேன். மருமகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய்க்காரி! பூட்டுக்காரர் துரோகியே இல்ல! அவர்தான் கடைசிக் கதவை..."

"ஐயோ அத்தை!" மருமகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கையெல்லாம் சோப்பு நுரை. காதிலிருந்து தோளில் வழிந்தது. "வாயை மூடுங்க! நான் இன்னும் ஒரு பக்கம்கூடப் படிக்கலை!"

நான் நின்றேன்.

"ஃபோன்ல படிச்சுட்டேன்னு..."

"நான் எப்போ சொன்னேன்? நீங்க முடிச்சப்புறம் நிம்மதியாப் படிக்கலாம்னு இருந்தேன். கூடவே படிச்சா, போன தடவை மாதிரி ஆயிடும்."

"போன தடவை என்ன ஆச்சு?"

"தம்பிக்காரன்."

"அது உப்பு இல்லையா?"

"எந்த உப்பு?" என்றாள் மருமகள்.

அன்று அவள் மெதுவாக வைத்துவிட்டுப் போன ஸ்பூன் இப்போதுதான் எனக்குக் கண்ணில் பட்டது. வயர் செருகாத ஹெட்செட்டும், ஒரு வரியை மட்டும் விட்டுப் பக்கத்தை மறைத்த உள்ளங்கையும் அதன் பின்னாலேயே வந்தன. இரண்டு வருடம் காத்திருந்து வாங்கிய புத்தகத்தை இவள் என் கையில் கொடுத்துவிட்டு, என் வாயிலிருந்து அதைக் காப்பாற்ற வீட்டுக்குள் ஒளிந்து ஒளிந்து நடந்திருக்கிறாள். நானோ மருமகள் என்னை மதிப்பதில்லை என்று ஃபிரிட்ஜிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

"அப்போ பூனை?"

"பூனையை நான்தான் கொன்னேன். வேற என்ன சொன்னா நீங்க கிளம்புவீங்க? பூட்டுக்காரரையும் பூனையையும்கூட நீங்க முதல்ல ஒருநாள் அறை வாசல்ல சொன்னதை வெச்சுத்தான் இழுத்தேன். கையுறையும் தெரியும், நீங்க கத்துனப்போ காதுல விழுந்துடுச்சு. மிச்சம் எதுவும் தெரியாது. தயவுசெஞ்சு அதையாவது விட்டு வைங்க."

புத்தகத்தை அங்கேயே, ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு நான் பட்ட பாடு ஆண்டவனுக்குத்தான் தெரியும். கண் ஊசியைத் தாங்கிவிடலாம். ஒருத்தி எதிரிலேயே உட்கார்ந்து, நமக்குத் தெரிந்த கதையைத் தெரியாதவளாகப் படிக்க, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது இருக்கிறதே, அதற்குத் தனி வைத்தியம் வேண்டும். "எங்கே இருக்கே?" என்று மட்டும் கேட்க எனக்கு அனுமதி. அவள் பக்கத்தைச் சொல்லுவாள். நான் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பேன்.

மாதம் ஒன்று ஆனது. கதவு நிலை முக்கால்வாசி நிமிர்ந்துவிட்டது. நடுவில் ஒரு சின்ன நெளிவு மட்டும் மிச்சம். அடுத்த ஊசிக்கு மருமகள் கேட்கவே இல்லை, லீவு போட்டுவிட்டுக் கூடவே கிளம்பினாள். நானும் பெரிய மனுஷித்தனம் எதுவும் பேசவில்லை. இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டார்கள், எரிந்தது. கண்ணை நனைத்துக்கொண்டு நாற்காலி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அவள் புத்தகத்தைப் பிரித்தாள். எனக்கு எழுத்து தெரியவில்லை, பக்க எண் தெரியவில்லை, அவள் முகமே நீர் விட்டு அழித்த படம் போலத்தான் தெரிந்தது. தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. இந்தத் தடவை பயம் குறைந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை. 

திடீரென்று மருமகள் என் கையைப் பிடித்தாள். தலை நிமிராமல், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், எலும்பு நோகிற பிடி. மூச்சு நின்று போயிருந்தது அவளுக்கு. எந்த இடம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கையுறையைக் கழற்றுகிற இடம். நான் வாயைத் திறக்கவில்லை. பிடித்த கையை நானும் பிடித்துக்கொண்டேன்.

ஊசி அறைக் கதவு திறந்தது. "சொட்டக்கா, வாங்க. டாக்டரம்மா ரெடி."

"ஒரு நிமிஷம் இரு" என்றேன். "இவ இந்தப் பக்கத்தை முடிச்சுக்கட்டும்."